நானும் ஃபாலோ

நேற்று சிம்பாங் பூலாயில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் என் கைப்பேசியை வாங்கி எதையோ தட்டினாள். "பெரியம்மா, நீங்க இப்ப என்னைய ஃபாலோ பண்றீங்க. இனிமே நான் எங்க போனாலும் படம் வரும்லா."

வீட்டில் என் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமலே ஒருத்தியின் பின்னால் போக முடியும் என்று எனக்குத் தெரியாது. சிரித்து வைத்தேன்.

அந்தச் சொல் எனக்குப் பள்ளியில்தான் முதலில் வந்தது. ஆங்கில ஆசிரியர் ஒரு வரி படித்துவிட்டு "ஃபாலோ" என்பார். அர்த்தம் தெரியாமல் அதே ராகத்தில் இழுப்போம். நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் அதற்குக் கூடவே வருவது என்று பொருள். ரப்பர் லோரி காம்பார் டவுனுக்குக் கிளம்பினால் லயத்து வீட்டு வாசல்களிலிருந்து குரல் வரும்: "அண்ணே, நானும் ஃபாலோ!"

"ஏறுலா. ஒட்டுப்பால் மூட்டை மேலதான் எடம்."

சிரட்டையில் உறைந்த ரப்பர் பாலுக்கு அப்படி ஒரு நாற்றம். சந்தையில் எல்லோரும் விலகி வழிவிடுவார்கள். எங்களுக்கு அது வசதிதான்.

அப்பாவின் சட்டையிலும் அதே நாற்றம். பாலுக்கு மரம் வெட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை அந்தச் சட்டையோடுதான் தோட்டத்து வேனில் ஏற்றினார்கள்.

"ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆளுதான் ஃபாலோ பண்ணலாம். யாரு?" என்றார், எங்களுக்கு மருந்து கொடுக்கும் டிரெசர்.

வீட்டில் ஐந்தாம் படிவம் வரை பள்ளிப் படிப்பு முடித்தவள் நான். மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் எனக்குத்தான் தெரியும். அப்பா மூச்சு வாங்க என்னைப் பார்த்தார். "நீ ஃபாலோ பண்றியா, பாப்பா?"

டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டால் உளறிவிடுவேனே என்று கூச்சம். "அம்மா போகட்டும்பா. நான் சோறு ஆக்கி எடுத்துக்கிட்டு பஸ்ல வாரேன்." அப்பா தலையாட்டினார். அம்மா ஏறினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா வராந்தாவில் தனியாக நின்றிருந்தாள். எல்லாம் முடிந்திருந்தது.

"நர்ஸு வந்து வந்து என்னமோ கேட்டிச்சு பாப்பா. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"அப்பா?"

"நீ வந்துட்டியான்னு ரெண்டு தடவ கேட்டாரு."

அதன் பிறகு அம்மா ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்துத் திட்டியிருக்கலாம். இப்போது அவளும் இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. வேன் நின்ற இடத்தைப் போன மாதம் தேடினேன், பிடிபடவில்லை.

நான் இப்போது குடியிருக்கும் தாமானில் அக்கம்பக்கத்து வீடுகளில் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், கேட்பதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். "நானும் ஃபாலோ."

"வேணாங்க்கா, கார் புக் பண்ணிட்டேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போகிறார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறேன்.