வந்துட்டா, வந்துட்டா?

எங்கள் தொழிலில் யாரும் யாரையும் ‘நல்லாருக்கீயளா’ என்று கேட்பதில்லை. ‘கேக்குதா’ என்றுதான் கேட்பார்கள். கேட்கிறது என்று சொன்னால் அத்தோடு போய்விடுவார்கள். கேட்கவில்லை என்றால் டூட்டிக்காரனைத் தேடுவார்கள். கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு பொத்தை இருக்கிறது. மலை என்று சொன்னால் மலைகள் கோபித்துக்கொள்ளும். அதன் உச்சியில் வயர்லெஸ் கோபுரம், கோபுரத்தடியில் ஓர் அறை, அந்தியிலிருந்து விடியும்வரை அந்த அறையில் நான். படித்து வாங்கிய வேலை இல்லை. கல்யாண வீட்டு மைக்செட்டுகளைப் பிரித்துப் பிரித்து, ஷாக் அடித்து அடித்துக் கற்றுக்கொண்டது. இரவு டூட்டி பார்க்கும் நர்சுகளே, மில் தொழிலாளிகளே, லாரி டிரைவர்களே, உங்களிடம் சொன்னால்தான் இது புரியும்.

போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் பேசிக்கொள்ளும் எங்கள் வயர்லெஸ் வலையில் இனிப் படமும் போகும், அதுவும் அதிவேகமாகப் போகும் என்று சொல்லி, ஒரு ஜீப், ஒரு தீயணைப்பு வண்டி, ஓர் ஆம்புலன்ஸ் மூன்றிலும் புதுத் திரை மாட்டினார்கள். சோதனை ஓட்டம்தான். மழைக்கு முன்னால் ஒரு குழு வந்து பார்க்கும். சரியில்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். போனால் போகட்டும் என்று எங்களில் பாதிப்பேர் நினைத்தோம். ஆம்புலன்ஸ் நர்ஸ் ஸ்டெல்லா அப்படி நினைக்கவில்லை.

அவருக்கு ஒரு காரணம் இருந்தது. எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்துக் காடுகளில் யாரையாவது நெஞ்சுவலி என்று ஏற்றினால், மெயின் ரோட்டு முக்கில் வண்டி ஒரு முடிவு எடுக்கவேண்டும். வடக்கே திரும்பினால் கோவில்பட்டி; தெற்கே திரும்பினால் தூத்துக்குடி. கண்ட்ரோல் ரூம் வழியாக இசிஜி படத்தை டாக்டர் பார்த்தால் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். ஆனால் ஆள் ஏற்றும் அந்தக் காடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன, அங்கே செல்போன் எடுக்காது. ஒருதடவை குத்துமதிப்பாக வடக்கே திரும்பினார்கள். இங்கே ஆகாது, தெற்கே கொண்டுபோங்கள் என்று கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர் பாதிவழி வரைக்கும்தான் இருந்தார். திரை மாட்டிய அன்று ஸ்டெல்லா என்னிடம் சொன்னது: “நான் அந்த முக்குக்கு வாரதுக்குள்ள படம் போய்ச் சேரணும் அண்ணாச்சி. வேற எந்தப் பவுசும் எனக்கு வேண்டாம்.”

அதிவேகம்

ஜீப்பில் இருக்கிற ஏட்டையாவுக்குத் திரையை முதலில் காட்டினேன். தன் பேரனுடைய செல்போனில் சினிமாவே நிற்காமல் ஓடுகிறதே, இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்டார். செல்போன் டவுன்பஸ் மாதிரி, திருவிழாக் கூட்டம் என்றால் திணறும், காற்றடித்துக் கரண்டு போனால் வராது. நம்முடையது நம் வீட்டு வண்டி, எப்போதும் கிளம்பும் என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். கண்ட்ரோல் ரூமிலிருந்து காணாமல் போன ஒருவரின் போட்டோவை அனுப்பச் சொன்னேன்.

படம் மேலேயிருந்து கோடு கோடாக இறங்கியது. தலைமுடி வந்தது. ஏட்டையா இறங்கிப்போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். நெற்றி வந்திருந்தது. மறுபடி போய் வடை தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். புருவத்தில் நின்றது. கொஞ்சநேரம் அந்தப் புருவத்தையே பார்த்துவிட்டுச் சொன்னார்: “அதிவேகம்னு சொன்னாவ. எதைவிட வேகம்னு நாமதான் கேக்க விட்டுட்டோம்.”

கம்பிக்கு என்ன முறை

மைக்செட் தொழிலில் எந்த வியாதிக்கும் முதல் மருந்து எர்த்து. இரைகிறதா, எர்த்தைப் பார். கரகரக்கிறதா, எர்த்தைப் பார். எனவே படம் மெதுவாக வந்ததும் நான் நேராக எர்த்துக் குழிக்குப் போனேன். சித்திரை வெயிலில் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஆட்டுக்குட்டி கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். அப்படியொரு வெடிப்பில், மண்ணைத் தொடாமல், விழப்போகும் பல்லைப்போல ஆடிக்கொண்டிருந்தது எர்த்துக் கம்பி.

கரியும் உப்பும் போட்டு, கீழேயிருந்து சைக்கிளில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். கரிசல் எத்தனை குடிக்கும் என்பது கரிசலுக்கே தெரியாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நான் ஏறி இறங்குவதை முற்பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் குடத்தை ஊற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார். அவர் ஊருக்குக் குழாயில் தண்ணீர் வந்து பல நாளாகிறதாம். குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மனுசருக்குத் தண்ணியில்ல, இந்தக் கம்பிக்குக் குடங்குடமா ஊத்துதீய. இது உங்களுக்கு என்ன முறை வேணும்?”

மிச்சமிருந்த தண்ணீரை ஆடுகளுக்கு வைத்தேன். எர்த்து நன்றாகிவிட்டது. படம் அப்படியேதான் வந்தது.

பகல் தூக்கம்

அந்த நாட்களில் எனக்குப் பகலில் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் எப்போதும்வென்றான் முக்கு வரும். அங்கே வண்டி நிற்கும். எந்தப் பக்கமும் திரும்பாது. எனக்கு எதையும் சும்மா விட்டுவிட்டு இருக்க வராது. அதனாலேயே தனியாக இருக்கிறேன் என்று என் தங்கச்சி சொல்லுவாள். அப்படியும் ஒருநாள் உச்சிவேளையில் அசந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். டிவியில் படம் நடுங்குகிறதாம். இரவு டூட்டி, இப்போதுதான் கண்ணசந்தேன் என்றேன். அவர் நியாயமான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்: “ராத்திரி சும்மா உக்காந்திருக்கதுக்குப் பகல்ல எதுக்கு அண்ணாச்சி தூக்கம்?”

பாதிப் போளி

தீயணைப்பு வண்டியின் பிச்சையா அண்ணாச்சிக்குப் பேச்சுதான் மூச்சு. தீ பிடிக்காத நாட்களில் அவர் குரல் இல்லாமல் எங்கள் வலை விடிந்ததில்லை. கடம்பூரில் வண்டி நின்றபோது, ஏதாவது ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். ஏதாவது என்றால், போளிக்குப் பேர்போன கடம்பூரில் வேறென்ன? வாழையிலையில் நெய் மினுங்கும் ஒரு போளியை எடுத்து அனுப்பினார். அனுப்பிய கையோடு மைக்கை எடுத்து, “வந்துட்டா?” என்றார்.

கண்ட்ரோல் ரூமில் இருக்கும் போலீஸ்காரப் பெண் முத்துமாரி, வந்துகொண்டிருக்கிறது என்றாள். நான் பொத்தையிலிருந்து வந்துவிட்டதா என்றேன். ஜீப்பிலிருந்து ஏட்டையா, என்ன வருகிறது என்றார். பிச்சையா போளி என்றார். எத்தனை போளி என்று ஏட்டையா கேட்டார். படம் பாதிப் போளியில் நின்றுவிட்டது.

எங்கள் வலையில் பேச்சுதான் ராஜா. யாராவது மைக்கை அமுக்கினால் படம் ஒதுங்கி நின்று வழிவிடும். ஆபத்தில் கத்துகிறவன் குரல்தான் முதலில் போகவேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. எனக்கும் தெரிந்த ஏற்பாடு; எர்த்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துபோனேன். ஆனால் செய்தவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. பஸ்ஸில் ஒரு பார்சலைப் போட்டுவிட்டால், பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் வந்ததா வந்ததா என்று நாலுதடவை கேட்கிறவர்கள் நாங்கள். கேட்டுக் கேட்டே, வருகிறதை வழியில் நிறுத்தி வைத்திருந்தோம்.

கடைசியில் வெறுத்துப்போய் நான் மைக்கை வைத்தேன். பிச்சையா போளியைத் தின்னப் போனார். ஏட்டையாவும் பசி வந்து அடங்கினார். கொஞ்சநேரத்தில் முத்துமாரியின் குரல் வந்தது: “முழுப் போளியும் வந்துட்டு அண்ணாச்சி. நீங்கள்லாம் கேக்காம இருந்தா அது பாட்டுக்கு வருது.”

பேசலை, ஓவர்

வியாதி தெரிந்துவிட்டது, இனி மருந்துதானே என்று ஒரு விதி போட்டோம். ஸ்டெல்லா படம் அனுப்புவதாகச் சொன்னால், முத்துமாரி எல்லோரையும் பேசவேண்டாம் என்பாள். பிறகு யாரும் மைக்கைத் தொடக்கூடாது. குழு வருவதற்கு முன் ஒத்திகை பார்த்தோம். ஸ்டெல்லா பள்ளத்தில் வண்டியை நிறுத்தி, டிரைவரையே படுக்கவைத்து இசிஜி எடுத்து அனுப்பினார். முத்துமாரி உத்தரவு போட்டாள்.

வயர்லெஸ் பழகியவர்களுக்கு ஒரு பாடம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது: உத்தரவு வந்தால் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கேட்கவில்லை என்று அர்த்தம். ஏட்டையா முறைப்படி, “பேசக்கூடாது, புரிஞ்சுது, ஓவர்” என்றார். ஸ்டேஷனிலிருந்து ஒரு குரல், நாங்களும் பேசவில்லை, ஓவர் என்றது. இன்னொரு ஜீப்பும் பேசவில்லை என்று சொன்னது. பிச்சையா, ஏட்டையாதான் முதலில் பேசினார், அவரிடம் சொல்லுங்கள் என்று புகார் கொடுத்தார். எல்லோரும் வாயை மூடுங்கள் என்று நான் மைக்கில் கத்தினேன். அதற்கும் எல்லோரும் சரி என்றார்கள்.

டிரைவரின் இதயம் பாதியில் நின்றது; அதாவது திரையில். ஸ்டெல்லா கோபப்படவில்லை. அதுதான் எங்களைச் சுட்டது. மெதுவாகக் கேட்டார்: “நெஞ்சுவலிக்காரரு, நீங்க அத்தனைபேரும் சரின்னு சொல்லி முடிக்கது வரைக்கும் இருப்பாருல்லா?”

அந்தச் சாயங்காலம்

பொழுது சாய்கிற நேரத்தில் ஆஜர் எடுப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு வண்டியும் இருக்கிறேன் என்று சொல்லவேண்டும். எல்லோர் கையிலும் மைக் இருக்கும். சொல்வதோடு ஒரு ஊர்க்கதையும் இருக்கும். ஒத்திகை முடிந்து சில நாள் கழித்து, சரியாக அந்த நேரத்தில் ஸ்டெல்லாவின் குரல் வந்தது. கிணற்றுப்பாசன மக்காச்சோளக் காட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், ஏற்றியாயிற்று, படம் போடுகிறேன் என்றார். முத்துமாரி ஒரே வார்த்தை சொன்னாள்: “படம்.”

யாரும் பதில் சொல்லவில்லை.

யாருக்கும் கேட்கவில்லை என்று விதிப்படி அர்த்தம். கேட்டதா என்று ஒருதடவை, ஒரே தடவை கேட்டுவிடலாமா என்று கை பரபரத்தது. மைக்கைக் கழற்றி என் சோற்று டப்பாவுக்குள் போட்டு மூடி, மேலே கையை வைத்து உட்கார்ந்துகொண்டேன். கீழே ஒரு மயில் அகவியது. உத்தரவு அதற்கு மட்டும் போகவில்லை போலிருக்கிறது. ஆம்புலன்ஸ் காட்டுப்பாதையில் குலுங்கிக் குலுங்கி மெயின் ரோட்டை நோக்கி வருவதை, பார்க்காமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முத்துமாரி பேசினாள். படம் முழுதாக வந்துவிட்டது, டாக்டர் பார்த்துவிட்டார், தெற்கே போகச் சொல்கிறார். ஸ்டெல்லா சொன்னார்: “முக்குலதான் நிக்குதேன். தெக்க திரும்புதோம்.”

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கண்விழித்ததும், மக்காச்சோளத்தில் பன்றி இறங்கிவிடும், யாராவது காவலுக்குப் போங்கள் என்று சண்டை போட்டாராம். குழு வந்தது, பார்த்தது, திரைகள் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனது. ஆனால் என் மனதில் நிற்பது அந்தச் சாயங்காலம்தான். தூத்துக்குடி போய்ச் சேர்ந்தாயிற்று, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று ஸ்டெல்லா சொன்ன பிறகும் வலையில் ஒரு குரல் வரவில்லை. ஆஜர் எடுக்கவில்லை. ஏட்டையா இருக்கிறாரா என்று தெரியவில்லை. நன்றாக இருட்டிவிட்டது. அப்போது, சர்வீசில் அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்தே அறியாத பிச்சையா அண்ணாச்சியின் குரல், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி, தணிந்து வந்தது: “கண்ட்ரோல்... இனி மூச்சு விட்டுக்கிடலாமா, ஓவர்?”

பேசுவதற்கென்றே கட்டிய கோபுரத்தின் அடியில் இத்தனை வருஷம் உட்கார்ந்து நான் காதால் கேட்டவற்றிலேயே நல்ல சேதி, அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான்.