பிறந்த ஊருக்கு விசா

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். பாரிவாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பல வருடம் அலைந்து, சென்ற ஆண்டுதான் இந்தியக் குடியுரிமை கிடைத்தது. புது பாஸ்போர்ட் கைக்கு வந்ததும், தங்கையின் கல்யாணத்துக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டேன்.

கிளம்ப மூன்று நாள் இருக்கையில், பெட்டி கட்ட உதவுவதற்காக நசரத்பேட்டையிலிருந்து நாத்தனார் வந்தாள்.

"விசா எடுத்துகினீங்களா அண்ணி?"

"என்ட ஊருக்குப் போக எனக்கென்னத்துக்கு விசா?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஊரு உங்குளுதுதான் அண்ணி. கையில கீறது இன்னா பாஸ்போர்ட்டு?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளே உட்கார்ந்து போனில் விண்ணப்பத்தை நிரப்பினாள். 'இலங்கையில் தங்கும் முகவரி' என்று கேட்டிருந்த இடத்துக்கு அம்மா வீட்டு முகவரியைச் சொன்னேன். மறுநாளே அனுமதி வந்தது. தங்கை கழுத்தில் தாலி ஏறியபோது நான் பக்கத்தில் நின்றேன்.

இப்போதெல்லாம் எந்தப் பயணமானாலும் டிக்கெட் எடுப்பதற்கு முன் நாத்தனாருக்குத்தான் போன் போடுகிறேன். கல்யாண ஆல்பத்தில் அவள் எங்குமே இல்லை. ஆனால், அதில் நான் இருப்பதே அவளால்தான்.