மூர்த்தி மாமாவுக்காக நான் செய்த ஜெபம்

நாலாவது படிக்கும்போது ஒரு மனிதரைச் சாகடிக்கப் பார்த்தேன். கத்தி கித்தி எதுவும் இல்லை. கண்ணை மூடி, கைகூப்பி, முழங்காலில் நின்றுகொண்டுதான்.

ஆம்பூருக்கு வெளியே தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் அப்பாவுக்கு மெஷின் வேலை. உருளையைக் கழுவ ஓர் ஆள் உள்ளே கை விட்டிருக்கும்போது, சுவிட்ச் பக்கத்தில் நிற்பவர் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் மெஷினைப் போட வேண்டும். அன்று சுவிட்ச் பக்கத்தில் நின்ற மூர்த்தி மாமா சத்தம் கொடுக்கவில்லை. அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. “நான் கத்தினேன் சார், அவருக்குதான் கேக்கல” என்று மேனேஜரிடம் கூசாமல் சொல்லிவிட்டார் மாமா. எங்கள் பின்தெருவில்தான் வீடு, ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவை கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள்.

எங்கள் வீட்டில் தினமும் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பகைவருக்காகவும் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார் இயேசு என்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அப்பா அதில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்: மூர்த்தியை ஆசீர்வதியும். முறை வைத்து எல்லோரும் சொல்ல வேண்டும். அம்மா முறை வந்தால் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கும். நான் வாயால் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, மனசுக்குள் ‘அவரைச் சாகடித்துவிடும் ஆண்டவரே’ என்பேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

ஒரு சனிக்கிழமை பைபாஸில் லாரி மோதி, மாமாவை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைப்பது கஷ்டம் என்று தெருவே பேசியது. சின்னப் பிள்ளைகளின் ஜெபத்துக்கு ஆண்டவர் உடனே பதில் கொடுப்பார் என்று சண்டே ஸ்கூல் டீச்சர் அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. காக்கிச் சட்டையைக் கண்டாலே ஓடி ஒளிந்தேன், வந்தது தபால்காரராக இருந்தாலும். கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று மன்றாடிப் பார்த்தேன். அதற்கு மட்டும் பதிலே வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, காலில் கம்பி வைத்து மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆட்டுக்கால் வாங்கி வந்து, அவருக்கு சூப் வைக்கச் சொன்னார்.

“நம்ம கொழந்தைங்க சூப்பு கண்டு எத்தினி மாசமாச்சி? அந்தாளுக்கு இன்னா கேடு?” என்றாள் அம்மா.

“நீ வை,” என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, “நீ என்கூட வா.”

ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது. மாமா என்னைப் பார்த்ததும் ‘இவதான்’ என்று கையை நீட்டிவிடுவார் என்று நிச்சயமாக நம்பினேன்.

தூக்கோடு போன எங்களை வாசலிலேயே அவர் மனைவி மறித்தாள். “செத்துப் பொழச்சி வந்திருக்காருண்ணா. இப்ப ஒண்ணும் கேக்காதீங்க.”

“சூப்பு ஆறிடும்மா,” என்றார் அப்பா.

கட்டிலில் கிடந்த மாமா அப்பாவைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை. அவர் மனைவி சூப்பை டம்ளரில் ஊற்றினாள். ஊற்றியதைப் புருஷனிடம் கொடுக்காமல் அப்பாவிடம் நீட்டினாள். “நீங்க மொதல்ல குடிங்கண்ணா.” நாங்கள் விஷம் கலந்திருப்போம் என்று பயப்படுகிறாள் என்பது எனக்கே புரிந்துவிட்டது. அப்பா கோபப்படவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துப் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை மாமாவிடம் கொடுத்தார்.

என் ஜெபத்தில் கொஞ்சம் மிச்சமிருந்து அது இந்த சூப்பில் பலித்துவிட்டால்? மாமா குடித்தார். புரை ஏறி இருமினார். முடிந்தது கதை என்று அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். இருமல் அடங்கியதும் மாமா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் சத்தம் குடுக்கலண்ணா,” என்றார்.

“தெரியும்,” என்றார் அப்பா.

திரும்பி வரும்போது என்னால் தாங்க முடியவில்லை. நடுத்தெருவில் நின்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அறை விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அப்பா என் கையைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டார்.

“நானும் அதையேதான் கேட்டேன் கண்ணு,” என்றார். “தெனமும்.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இரண்டு பேர் கேட்டதென்றால் பாவத்தில் பாதி அப்பாவுக்குப் போய்விடும். அவர் பெரியவர், முக்கால்வாசிகூடப் போகலாம். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலமும் அப்பா தூக்கோடு மாமா வீட்டுக்குக் கிளம்பினார். “நீயும் வர்றியா?” என்று கேட்டார். மாட்டேன் என்றேன். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்தார். “சும்மா கூட வாயேன்,” என்று என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை வேர்த்து ஈரமாக இருந்தது. பாவம், தூக்கு கனக்கிறது போலிருக்கிறது, அதற்குத்தான் ஆள் தேடுகிறார் என்று நினைத்து, அதை வாங்கிக்கொண்டு அவரோடு நடந்தேன்.