கை கொடுக்காத பெருநாள்கள்

பெருநாள் தொழுகை முடிந்ததும் இறக்கக்கண்டிப் பள்ளிவாசலில் ஆண்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றி முஸாபஹா செய்வார்கள். றுவைஸ் அதற்கு முன்பே செருப்பைத் தேடிக்கொண்டு வெளியேறிவிடுவான். யாராவது எதிரே வந்துவிட்டால், கையை நெஞ்சில் வைத்துத் தலையசைப்பான். அதுவும் மரியாதைதான், யாரும் குறை சொன்னதில்லை.

மீன்வாடியில் ஐஸ் உடைத்து மீன் அடுக்குவது அவன் வேலை. சிறுவயதிலிருந்தே கைகளில் எக்சிமா என்ற தோல்நோய். ஐஸிலும் உப்புத்தண்ணீரிலும் தோல் வெடித்தது. வெடிப்பில் நீர் கசிந்து மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது. முதலாளி ஒருநாள் அவனைத் தராசுப் பக்கம் உட்காரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அன்றுமுதல் அவனுக்கு மட்டும் தேநீர் கடதாசிக் கோப்பையில் வந்தது.

அழுக்குத்தான் காரணம் என்று றுவைஸ் முடிவுகட்டினான். வாடித் தரை கழுவும் பிளீச்சிங் தூளைக் கரைத்துக் கைகளை ஊறவைத்தான். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி வுழூ செய்யும் ஒவ்வொரு வேளையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான். எரிந்தது. எரிந்தால் கிருமி சாகிறது என்று நினைத்து இன்னும் தேய்த்தான். தனியாக இருந்தவனுக்குப் போதும் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. கிண்ணியாவில் வாழ்க்கைப்பட்ட தங்கை பஸ்மியா தொலைபேசியில் கேட்டால், சுகம் என்பான்.

கை வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகே திருகோணமலையில் தோல் வைத்தியரிடம் போனான். டொக்டர் சுதர்ஷிகா கையுறையோடுதான் அவன் கையைப் பிடித்தார்; ஆனால் அவசரமில்லாமல் பிடித்தார். பிளீச்சிங் தூள் கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"அழுக்கில்ல பிரச்சினை, கொழுப்பு. தோலின்ர கலங்களுக்கு நடுவில கொழுப்பு ஒண்டு இருக்கு. உங்களுக்கு அது முதலே குறைவு. மிச்சத்தையும் நீங்கள் கழுவிப்போட்டீங்கள். இடைவெளி விழ, பற்றீரியா வந்து குடியிருக்கு."

"அப்ப வுழூ எடுக்க ஏலாதா டொக்டர்?"

"ஏன் ஏலாது? வெறுந்தண்ணில எடுங்கோ. ஒத்தித் துடைச்ச உடன நான் எழுதித் தாற களிம்பைப் பூசுங்கோ."

கிருமிக்கும் மருந்து எழுதினார். எக்சிமா தொத்துமா என்று கேட்க அவனுக்குக் கதவுவரை போய்த் திரும்பிவர வேண்டியிருந்தது. தொத்தாது என்றார். பஸ்ஸில் அவனுக்கு மகிழ்ச்சி வரவில்லை. அப்படியானால் இத்தனை வருடமும் யார் யாரை விலக்கி வைத்தது?

ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் வெடிப்புகள் மூடிவிட்டன. அன்று தொழுகை முடிந்தும் றுவைஸ் போகவில்லை. வந்தவர்கள் வழக்கம்போல நெஞ்சில் கைவைத்துக் கடந்தார்கள். வாடியில் கூட வேலைசெய்யும், அவனை அண்ணனாக 'நானா' என்றழைக்கும் ஜவ்பரும் அப்படியே செய்தான்.

"ஜவ்பர், கையத் தாங்க."

"நோகாதா நானா?"

"இல்ல."

ஜவ்பர் முட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்தான். விட்டபின் அவன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தானா என்று பார்க்க றுவைஸுக்குத் துணிவு வரவில்லை. திரும்பாமல் வெயிலில் இறங்கி நடந்தான்.