சிஐடி அக்காவின் கேக் அடுப்பு

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறாள். மிதந்தால் கெட்டது. மூழ்கினால் நல்லது என்று விட்டுவிடுவாளா? அதையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, மோந்து பார்த்துத்தான் மாவில் ஊற்றுவாள். பேக்கரியில் அவளுக்குப் பெயரே சிஐடி அக்கா. கோபப்பட மாட்டாள். "ஆண்டவன் கண்ணக் குடுத்தது பாக்கத்தானே?" என்பாள்.

பல வருஷம் அங்கே தட்டு கழுவினவள். விரலிடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெந்து போயிருக்கிறது. நாற்பது தாண்டி, கேக் அடுப்பைக் கேட்டு வாங்கினாள். முதலாளியம்மா ஒரு மாதம் தவணை கொடுத்தார். தேறாவிட்டால் மறுபடி கழுவு தொட்டிதான்.

ஆனால் கேக் தினமும் நடுவில் குழிந்தது. அவளுக்கு ரொட்டி மாஸ்டர் மேல்தான் சந்தேகம். தன் தம்பி பெண்டாட்டிக்கு இந்த வேலையைக் கேட்டவர் ஆயிற்றே!

"மாஸ்டர், சூட்டக் கொறச்சீங்களா?"

"உங்க அடுப்புப் பக்கம் நான் தலவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்க்கா!"

நம்பவில்லை. மறுநாள் சூட்டை வைத்துவிட்டு, சூட்டுக் குமிழையும் அடுப்பையும் சேர்த்து ஒரு மாவுப் பொட்டு ஒட்டிவைத்தாள். யார் திருகினாலும் பிய்ந்துவிடும். பொட்டு அப்படியே இருந்தது. கேக் குழிந்துதான் இருந்தது.

அன்று எல்லாரும் போன பிறகு மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, காலையிலிருந்து செய்ததையெல்லாம் வெறுங்கையால் மறுபடி செய்து பார்த்தாள். அடித்தாள், ஊற்றினாள், உள்ளே தள்ளினாள். பிறகு கை தானாகக் கதவைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. கண்ணாடி இல்லாத பழைய அடுப்பு, திறந்தால்தானே தெரியும்? திறக்கும்போதெல்லாம் முகத்தில் அனல் அடிக்கும். கன்னத்தைத் தடவியபடி இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். அந்த அனல் கேக்குக்குச் சேர வேண்டியது அல்லவா!

தவணையின் கடைசி நாள். தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். திறந்து பார்க்கக் கை பரபரத்தது.

"என்னக்கா, பாக்கலையா?" என்றார் மாஸ்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பேசாதீங்க. நீங்க என் கண்ணு முன்னாடியே நில்லுங்க."

அடுப்புக்கு முதுகைக் காட்டி நடந்தாள். எந்தத் தொட்டிக்குத் திரும்பக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாளோ, அதன் சோப்புத் தண்ணீரில் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டுக்கொண்டாள். கேக் வாசனை மெல்ல வந்தது. கையை எடுக்கவில்லை.