செவலை நாயும் மேல்வீட்டுக்காரனும்

எங்கள் மேல்வீட்டுக்குக் குடிவந்தவன் என் கம்பெனியிலேயே வேலை பார்த்தான். போச்சம்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுபவன், என்னைவிட இளையவன். வந்த சில மாதங்களில் சூப்பர்வைசர் ஆனான், பிறகு கார் வாங்கினான். இனிப்போடு வந்து கதவைத் தட்டியபோது சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றேன். வயிறு எரிந்தது உண்மை. ஆனாலும் அன்று நன்றாகத்தான் தூங்கினேன். என்னிடம் கார் நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

தூக்கம் கெட்டது நாயால்.

எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் உண்டு. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் தினமும் எனக்காகக் காத்திருக்கும். நான் வாங்கிப் போடும் பொறையைத் தின்றுவிட்டு வாசல்வரை கூடவே வரும். திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த எனக்கு, மனைவிக்கு அடுத்தபடி அதுதான் துணை. மேல்வீட்டுக்காரனைப் பற்றி அதனிடம் நிறையப் புலம்பியிருக்கிறேன்.

ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கினால் நாயைக் காணோம். வீட்டுக்கு வந்து பார்த்தேன். அவன் தெலுங்கில் ஏதோ கொஞ்சிக்கொண்டிருக்க, அது மல்லாந்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒருநாளும் வயிற்றைக் காட்டியதில்லை.

மறுநாள் பொறைக்குப் பதிலாகக் கோழி ஈரல் வாங்கினேன். தெலுங்கில் நாயை எப்படிக் கூப்பிடுவது என்று கடைக்காரரிடம் கேட்டு, மொட்டைமாடியில் நின்று பழகினேன். நாய் ஈரலைத் தின்றது, வாலை ஆட்டியது, மாடிப்படி ஏறிப் போய்விட்டது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "அவன் கார் வாங்கினப்ப உங்களுக்கு வந்தது வயித்தெரிச்சல். அவங்கிட்ட இருக்கது நம்மகிட்ட இல்லையேன்னு. இது வேற. நம்மகிட்ட இருக்கத அவன் கொண்டு போயிருவானோங்கற பயம். எங்க ஆபீஸ்ல இதத்தான் பொசசிவ்ம்பாங்க."

பெயர் தெரிந்ததில் நோய் குறையவில்லை. என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஈரல நமக்கு வாங்குங்க" என்றாள்.

அடுத்த வாரம் டீக்கடையில் அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் வாடியிருந்தது.

"அண்ணா, நாய் உங்ககிட்ட வருதுங்களா? எங்கிட்ட வரவே மாட்டேங்குதுங்க."

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஆனால் அது என்னிடமும் வரவில்லையே என்பது உடனே உறைத்தது. இருவருமாகத் தேடிக் கிளம்பினோம்.

தெருக்கோடியில் புதிதாகக் கட்டிய அபார்ட்மென்ட் வாசலில் காவலுக்கு ஒரு கன்னடக்கார அம்மாள் இருந்தார். அவர் காலில் தலையை வைத்து நாய் படுத்திருந்தது. எதிரே தட்டில் பாதி தின்ற கேழ்வரகுக் களி. எங்களைக் கண்டதும் வால் ஒருமுறை அசைந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

"நான் சிக்கன் போட்டனுங்கண்ணா" என்றான் அவன்.

ஈரலைப் பற்றி நானும் சொன்னேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த அம்மாளைப் பற்றி ஒரே மனதாகக் குறை பேசினோம். களியில் அப்படியொன்றும் சத்து கிடையாது என்றான். கேழ்வரகு விளைவிக்கிற வீட்டுப் பிள்ளையே சொல்கிறானே என்று நானும் ஆமோதித்தேன்.