நான்காவது ஆள் வரும்வரை

எங்கள் அக்கா கண்மூடி முப்பத்தொரு நாளாகிறது. பழுகாமத்தில் வேளாண்மைக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்து, அப்பா போனபின் எங்கள் மூவரையும் ஆளாக்கியவர். தாதியாகி, ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில் இருபத்தாறு வருடம் நின்றார். அங்கே உட்கார நேரம் கிடைப்பதில்லை.

ஓர் அறுவடைக் காலத்தில், வயல்வட்டையில் மயங்கி விழுந்த பாரமான மனிதரை உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். உறவினர்கள் ஆளுக்கொரு கையும் காலுமாக இழுக்க, அக்கா பொறுக்கமாட்டாமல் குனிந்து தனியே தாங்கிவிட்டார். அந்த மனிதர் பிழைத்தார். அக்காவின் நாரி, அந்த இடுப்பெலும்பு, அன்றோடு போயிற்று. அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் நின்றபடிதான் சாப்பிடுவார்.

கிளினிக்குக்கு மாறச் சொன்னார் வைத்தியர். நானும் கெஞ்சினேன்.

"நான் போனா என்ட இடத்துக்கு வாற புள்ளயும் நாரிய முறிச்சுக்கொள்ளும். நீ தச்சன்தானே, எனக்கு ஒரு பலகை சீவித் தா" என்றார்.

நோயாளியைத் தூக்காமல், கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்குச் சறுக்கி நகர்த்துவதற்கான ஆளுயரப் பலகை அது. ஓரத்தில் சிராய் இருக்கிறதென்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார். இவ்வளவு கரைச்சல் தந்த வாடிக்கையாளரை நான் கண்டதில்லை.

பலகையோடு அக்காவின் சட்டமும் வந்தது. நான்கு பேர் சேர வேண்டும், முழங்காலை மடிக்க வேண்டும், மூன்று எண்ணித்தான் நகர்த்த வேண்டும். அவசரத்தில் எண்ணிக்கொண்டிருப்பதா என்று முணுமுணுத்தவர்களும் பழகிக்கொண்டார்கள். நோவை மறைத்துவந்த இளம் தாதிமார் வாய்திறந்து சொல்லத் தொடங்கினார்கள். அதன்பிறகும் அக்கா கிளினிக்குக்குப் போகவில்லை. அவர் பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான்.

கடைசியில் அவரே நோயாளியாக அதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். நான் சீவிய பலகையை அவருக்கே கொண்டுவந்தார்கள்.

"மூண்டு பேர்தானே நிக்கிறீங்க. மற்றாளும் வரட்டும்" என்று அந்த நோவிலும் தடுத்தார்.

இறுதிச் சடங்கன்று பெட்டியைத் தூக்க நாங்கள் குனிந்தபோது, அக்காவை 'மிஸ்ஸி' என்றே அழைத்து அவரோடு வேலைசெய்த சிற்றூழியர் ஒருவர் குறுக்கே வந்தார்.

"நில்லுங்க. முழங்கால மடிங்க, நாரிய வளைக்காதீங்க. மிஸ்ஸி ஏசுவா. ஒண்டு, ரெண்டு, மூண்டு."

அழுதுகொண்டே நானும் முழங்காலை மடித்தேன்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், சிற்றூழியர்கள், துயரில் கூடநின்ற அயலவர், உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களை மறுநாள் ஒவ்வொருவராக விசாரித்தேன். ஒருவருக்கும் நாரி நோகவில்லை. அக்கா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

தம்பி